1/72 ஸ்பிட்ஃபயர் செய்யப் போகிறீர்களா? எதையும் 72-ஆல் பெருக்கிப் பாருங்கள்

கேள்வி சுருக்கமாக இதுதான்: இரண்டாம் உலகப்போர் கால பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயர் ஒன்றை பிளாஸ்டிக் கிட்டிலிருந்து முதன்முறையாகச் செய்யப் போகிறீர்கள். எந்த அளவு வாங்குவது, ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தால் பெயின்ட் தெளிக்கும் கருவி) இல்லாமல் முடியுமா, முடித்த பிறகு பொம்மையாகத் தெரியாமல் விமானமாகத் தெரிய என்ன செய்ய வேண்டும்? மூன்றாவதுதான் உண்மையான கேள்வி. மற்ற இரண்டுக்கும் பதில் அதிலிருந்தே வந்துவிடும் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு மாடல் பொம்மையாகத் தெரிவதற்கு அதில் நுணுக்கங்கள் குறைவாக இருப்பதுதான் காரணம் என்று பலரும் நினைக்கிறார்கள். உடனே உலோகத்தில் வெட்டிய இருக்கைப் பட்டி, ரெசின் இன்ஜின் என்று கூடுதல் பொருட்களைத் தேடிப் போகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. எல்லாமே அளவுக்கு மீறித் தடிமனாக இருப்பதுதான் காரணம். 1/72 என்றால் மேசையில் உள்ள ஒரு மில்லிமீட்டர் நிஜத்தில் 7.2 சென்டிமீட்டர். தூரிகையால் அப்பிய பெயின்ட் 0.1 மி.மீ. கனம் இருந்தால், நிஜ விமானத்தின் மேல் 7 மி.மீ. கனத்துக்கு ஏதோ பூசியிருக்கிறது என்று அர்த்தம். இறக்கையின் பின்விளிம்பு அரை மில்லிமீட்டர் இருந்தால் நிஜத்தில் அது 3.6 சென்டிமீட்டர், அப்படி ஒரு ஸ்பிட்ஃபயர் எந்தக் காலத்திலும் பறந்ததில்லை. பார்ப்பவருக்கு இந்தக் கணக்கு எதுவும் தெரியாது, ஆனாலும் கண் கண்டுபிடித்துவிடும். அதனால் ஒவ்வொரு கட்டத்திலும் செய்வதை 72-ஆல் பெருக்கிப் பாருங்கள். எங்கே மெனக்கெட வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பது அதிலேயே தெரியும்.

சரி, அளவுக்கு வருவோம். ஸ்பிட்ஃபயரின் முதல் வகையான மார்க் 1-இன் இறக்கை அகலம் 11.23 மீட்டர், நீளம் 9.12 மீட்டர். 1/72-ல் இது சுமார் 15.6 செ.மீ. அகலமும் 12.7 செ.மீ. நீளமும் ஆகும், உள்ளங்கையில் அடங்கிவிடும். 1/48-ல் அகலம் 23.4 செ.மீ., 1/32-ல் 35 செ.மீ. முதல் மாடலுக்கு 1/72 எடுங்கள் என்பது என் கருத்து. சிறியது எளிது என்பதற்காகச் சொல்லவில்லை. காக்பிட்டின் உள்ளே வேலை குறைவு, பெயின்ட் பூச வேண்டிய பரப்பு குறைவு, பாதியில் நின்றுபோகும் வாய்ப்பும் குறைவு. முதல் விமானத்தைப் பொறுத்தவரை முடிப்பதுதான் பெரிய விஷயம். ஆனால் கண்பார்வை சிரமமாக இருந்தாலோ, மிகச் சிறிய துண்டுகளைப் பிடிக்கக் கை நடுங்கினாலோ தயங்காமல் 1/48-க்குப் போங்கள், செய்யும் முறை இரண்டுக்கும் ஒன்றுதான். 1/72 என்பதன் பின்னால் ஒரு எளிய கணக்கு இருக்கிறது: ஆறு அடி ஓர் அங்குலமாகிறது. போர்க்காலத்தில் எதிரி விமானத்தை அடையாளம் காணப் பயிற்சி கொடுத்த மாடல்களும் இந்த அளவில்தான் இருந்தன. பிரிட்டிஷ் கிட் நிறுவனமான ஏர்ஃபிக்ஸ் தன் முதல் விமானக் கிட்டாக 1953-ல் வெளியிட்டதும் 1/72 ஸ்பிட்ஃபயர்தான்.

கிட் வாங்கும்போது பெட்டியின் மேல் உள்ள ஓவியத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். அச்சு எந்த ஆண்டு செய்யப்பட்டது என்று பாருங்கள். நாற்பது ஆண்டு பழைய அச்சில் வார்த்த துண்டுகளே புதுப் பெட்டியில் திரும்பத் திரும்ப வரும். அவற்றில் தகட்டுக் கோடுகள் (விமானத்தின் உலோகத் தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் கோடுகள்) பள்ளமாக இல்லாமல் மேடாக நிற்கும், இணைப்பைத் தேய்க்கும்போது அதெல்லாம் போய்விடும். ஏர்ஃபிக்ஸ் 2010-ல் கொண்டுவந்த புதிய 1/72 மார்க் 1 முதல் கிட்டுக்குப் போதுமான நல்ல கிட். அதில் கோடுகள் கொஞ்சம் ஆழம், அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன். 1/48 எடுப்பதானால் 2018-ல் வந்த டாமியா நிறுவனக் கிட்டும் 2020-ல் வந்த எட்வார்டு நிறுவனக் கிட்டும் சிறந்தவை. டாமியாவில் துண்டுகள் தாமாகவே போய் உட்காரும். எட்வார்டில் மேற்பரப்பு விவரம் அதிகம், கூடவே கவனமும் அதிகம் தேவை. முதல் முறைக்கு டாமியா.

கிட்டைத் திறப்பதற்கு முன் இன்னொரு முடிவு எடுக்க வேண்டும். எந்த விமானம்? "ஒரு ஸ்பிட்ஃபயர்" என்று சொன்னால் போதாது, 20,000-க்கு மேல் செய்தார்கள், பத்தாண்டுக்கு மேல் மாறிக்கொண்டே இருந்தது. ஒரு குறிப்பிட்ட விமானம், ஒரு குறிப்பிட்ட மாதம் என்று முடிவு செய்துகொண்டால் பெயின்ட் குழப்பம் பாதி தீர்ந்துவிடும். உதாரணமாக 1940 கோடையில் ஜெர்மன் விமானப்படைக்கு எதிராக வானில் நடந்த பிரிட்டன் சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஜூலை 10 முதல் அக்டோபர் 31 வரை நடந்ததாகக் கணக்கு. அந்தக் காலத்து விமானத்துக்கு மேலே டார்க் எர்த் என்ற மண்பழுப்பும் டார்க் கிரீன் என்ற கரும்பச்சையும், கீழே ஸ்கை என்ற வெளிர் பச்சை சாயலும் பூசியிருக்கும். அதற்கு முன்பு அடிப்பக்கம் ஒரு பாதி கறுப்பு, மறு பாதி வெள்ளை. வால் பக்கம் சுற்றி வரும் ஸ்கை நிறப் பட்டையும் அதே நிற மூக்கும் 1940 நவம்பர் கடைசியில்தான் வந்தன. பிரிட்டன் சண்டை விமானம் என்று சொல்லிவிட்டு அந்தப் பட்டையைப் போட்டால் விவரம் தெரிந்தவர் முதலில் அதைத்தான் பார்ப்பார். பழுப்புக்குப் பதில் ஓஷன் கிரே வந்தது 1941 ஆகஸ்டில்.

ஆதாரத்துக்கு அந்தக் காலத்துப் புகைப்படத்தையே பாருங்கள். இன்று பறக்கும் ஸ்பிட்ஃபயர்கள் அழகானவைதான், ஆனால் அவற்றின் பெயின்ட் இன்றைய பெயின்ட், பளபளப்பு அதிகம். பிரிட்டன் சண்டையில் பறந்து இன்றும் பறந்துகொண்டிருக்கும் பி7350 என்ற எண்ணுள்ள விமானம்கூட சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வேறு வேறு படையணியின் அடையாளத்துக்கு மாற்றிப் பூசப்படுகிறது. வடிவத்துக்கும் காக்பிட் உள்ளமைப்புக்கும் அருங்காட்சியகப் படங்கள் உதவும். லண்டன் இம்பீரியல் வார் மியூசியத்தில் தொங்கும் ஆர்6915, சிகாகோ அறிவியல் தொழில் அருங்காட்சியகத்தில் உள்ள பி9306 இரண்டும் உண்மையான மார்க் 1 விமானங்கள், அவற்றின் படங்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன.

கருவிகள் அதிகம் வேண்டாம். ஒருபக்கம் தட்டையான நல்ல நிப்பர், கூர்மையான கத்தி, முனை நன்றாகச் சேரும் சாமணம், 400-லிருந்து 2000 வரை உப்புத்தாள், மாஸ்கிங் டேப், நீர்த்த பிளாஸ்டிக் பசை, கொஞ்சம் புட்டி. செலவைக் குறைக்க வேண்டுமென்றால் மற்ற எதில் வேண்டுமானாலும் குறையுங்கள், நிப்பரிலும் தூரிகையிலும் மட்டும் வேண்டாம். பசை, தின்னர் ஆவி உடம்புக்கு நல்லதல்ல, ஜன்னலைத் திறந்து வையுங்கள், ஸ்ப்ரே செய்யும்போது முகமூடி போட்டுக்கொள்ளுங்கள்.

துண்டுகள் கோர்த்திருக்கும் சட்டத்தை (ஸ்ப்ரூ) அப்படியே வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்துவிடுங்கள், அச்சிலிருந்து எண்ணெய்ப்பசை ஒட்டியிருக்கும். வெட்டும்போது துண்டை ஒட்டி வெட்டாமல் கொஞ்சம் தள்ளி வெட்டி, மிச்சத்தைக் கத்தியால் சீவுங்கள். பசை போடும் முன் ஒவ்வொரு இணைப்பையும் பசையில்லாமல் பொருத்திப் பாருங்கள். இது எல்லோரும் சொல்வதுதான், ஆனாலும் பாதிப் பேர் செய்வதில்லை.

காக்பிட்டை முதலில் பெயின்ட் செய்து மூட வேண்டும். உட்புறம் சாம்பல் கலந்த பச்சை. இருக்கை ஆரம்ப விமானங்களில் உலோகம், அதே பச்சை. பிறகு வந்தவற்றில் செம்பழுப்பு நிறக் கூட்டுப்பொருள். இங்கே அதிகம் மெனக்கெட வேண்டாம். 1/72-ல் கண்ணாடியை மூடிய பிறகு தெரிவது இருக்கையின் மேல்பகுதியும் பட்டியும் மட்டும்தான். 5 செ.மீ. அகலப் பட்டி இந்த அளவில் 0.7 மி.மீ., மாஸ்கிங் டேப்பை அந்த அகலத்துக்குக் கீறி வெளிர் மணல் நிறம் பூசி ஒட்டினால் போதும், உலோகப் பட்டி வாங்க வேண்டிய அவசியமே இல்லை.

இப்போது ஒட்டும் வேலை. மாடலின் தலையெழுத்து இங்கேதான் முடிவாகிறது, அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். நீர்த்த பசை பிளாஸ்டிக்கைக் கரைத்து இரண்டு பக்கத்தையும் ஒன்றாக உருக்குகிறது. சூப்பர் குளூ இடையில் நின்று பிடிப்பது போல இது பிடிப்பதில்லை. அதனால் பசையை முன்கூட்டியே பூசிவிட்டு ஒட்டாதீர்கள். உடற்பகுதியின் இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, பசைத் தூரிகையின் நுனியை விரிசலில் தொடுங்கள், அது தானாகவே உள்ளே ஓடும். சில நொடிகள் விட்டு மெதுவாக அழுத்துங்கள். உருகிய பிளாஸ்டிக் மெல்லிய கோடாக வெளியே பிதுங்க வேண்டும். பிதுங்கினால் நல்லது, இடைவெளியை அதுவே அடைத்துவிட்டது, புட்டிகூட வேண்டியிருக்காது. விரல் அந்தக் கோட்டில் படக்கூடாது. ஒரே மூச்சில் முழு நீளமும் ஒட்ட வேண்டியதில்லை, மூக்கிலிருந்து வால் வரை கொஞ்சம் கொஞ்சமாக, ஒவ்வொரு இடமும் பிடித்த பிறகு அடுத்தது. அப்புறம் ஒரு முழு நாள் தொடாமல் விட்டுவிடுங்கள். அவசரப்பட்டு மறுநாளுக்கு முன்பே தேய்த்தால் இணைப்பு அந்த நேரத்துக்கு மறைந்துவிடும், ஆனால் உள்ளே கரைந்திருப்பது காயக் காயச் சுருங்கும், பெயின்ட் அடித்த பிறகு அதே இடத்தில் மெல்லிய பள்ளம் திரும்பி வரும்.

தேய்ப்பது எப்போதும் தண்ணீர் தொட்டு. தூசி மூக்கில் போகாது, தாளும் அடைக்காது. 400-ல் ஆரம்பித்து 600, 1000 என்று போங்கள். உடற்பகுதி உருண்டையானது, ஒரே இடத்தில் முன்னும் பின்னும் தேய்த்தால் தட்டையாகிவிடும். தாளை வளைவைச் சுற்றி, குறுக்காக இழுங்கள். விரல் நகத்தை இணைப்பின் குறுக்கே ஓட்டிப் பாருங்கள், தட்டக்கூடாது. 0.1 மி.மீ. படி இருந்தாலும் நிஜத்தில் அது 7 மி.மீ. தேய்க்கும்போது அழிந்த தகட்டுக் கோடுகளைத் தடிமனான டேப்பை ஓரமாக ஒட்டி ஊசியால் மெதுவாகப் பலமுறை கீறி மீட்கலாம். ஒரே கீறலில் ஆழமாகப் போக முயன்றால் ஊசி வழுக்கி ஓடும். முன்பு சொன்ன ஆழமான கோடுகள் விஷயமும் இதுதான்: 0.2 மி.மீ. அகலக் கோடு நிஜத்தில் 14 மி.மீ. சந்து, கைவிரல் நுழையும் அளவு! அதற்குள் கறுப்பு மை ஊற்றினால் இன்னும் மோசமாகத் தெரியும். ப்ரைமரும் பெயின்ட்டும் கொஞ்சம் நிரப்பிவிடும், மீதியை மென்மையான நிறத்தால் அடக்கிவிடலாம்.

இறக்கை ஒட்டுவதற்கு முன், பாதிகளின் உட்புறத்தைப் பின்விளிம்பை ஒட்டித் தேய்த்து மெலிதாக்குங்கள். தட்டையான மேசையில் உப்புத்தாளை வைத்து, கீழ்ப்பாதியை அதன் மேல் வைத்து வட்டமாகத் தேய்த்தால் சில நிமிட வேலை. ஸ்பிட்ஃபயரின் இறக்கை மெல்லியது, அதை வடிவமைத்த ஆர். ஜே. மிட்செல் குழுவினர் அந்த நீள்வட்ட வடிவத்துக்குப் போனதே மெல்லிய இறக்கைக்குள் துப்பாக்கிகளையும் சக்கரத்தையும் அடக்கத்தான். அந்த மெலிவைக் கொண்டுவராவிட்டால் மற்றது எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஸ்பிட்ஃபயர் வராது. இந்த ஒரு வேலைக்குக் கிடைக்கும் பலன் வேறு எதற்கும் கிடையாது என்றே சொல்வேன்.

இறக்கை கிடைமட்டமாக இருக்காது, இரண்டு பக்கமும் 6 டிகிரி மேல்நோக்கி எழும். பசை இளகியிருக்கும்போதே விமானத்தை மூக்குக்கு நேராகப் பிடித்து, இரண்டு முனைகளும் மேசையிலிருந்து ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று ஸ்கேலால் அளந்து, டேப் போட்டு இழுத்துக் கட்டி வையுங்கள். இறக்கையின் அடியும் உடற்பகுதியும் சேரும் இடத்தில் இடைவெளி வந்தால் உடனே புட்டியைத் தேடாதீர்கள். உடற்பகுதிக்குள் ஒரு ஸ்ப்ரூ துண்டைக் குறுக்கே வைத்துக் கொஞ்சம் அகட்டினாலே பெரும்பாலும் மூடிவிடும். வால் இறக்கை மட்டும் தரைக்கு இணையாக, செங்குத்து வாலுக்குச் சரியான செங்கோணத்தில் நிற்க வேண்டும். சாய்ந்திருந்தால் எவ்வளவு நல்ல பெயின்ட்டும் காப்பாற்றாது.

கண்ணாடி மூடிக்கு சூப்பர் குளூவை நெருங்கவிடாதீர்கள், அதன் ஆவி பட்டு உட்புறம் வெள்ளையாகப் பூத்துவிடும். வெள்ளைப் பசை போதும், காய்ந்தால் தெளிவாகிவிடும். கண்ணாடியைத் திறந்து காட்ட ஆசை வரும். ஆனால் கிட்டின் கண்ணாடி 1 மி.மீ. கனம் என்றால் நிஜத்தில் 7 செ.மீ., பின்னுக்குத் தள்ளினால் முதுகின் மேல் சரியாக உட்காராமல் தூக்கிக்கொண்டு நிற்கும். முதல் மாடலில் மூடியே வையுங்கள்.

ப்ரைமரைத் தவிர்க்காதீர்கள். சாம்பல் ப்ரைமர் அடித்ததும் இதுவரை தெரியாத கீறல், பள்ளம் எல்லாம் தெரியும். திரும்பத் தேய்த்து, அந்த இடத்துக்கு மட்டும் மறுபடி அடியுங்கள். சலிப்பான வேலைதான், இருந்தாலும் இங்கே செலவழித்த ஒரு மணி நேரம் கடைசியில் முழுசாகத் தெரியும்.

ஏர்பிரஷ் வேண்டுமா? வேண்டாம், முதல் மாடலைத் தூரிகையால் தாராளமாகச் செய்யலாம். நிபந்தனை ஒன்றுதான்: மெல்லிய பூச்சு. தட்டையான மென்மையான தூரிகை, பால் பதத்துக்கு நீர்த்த பெயின்ட். முதல் பூச்சு திட்டுத்திட்டாக, அடியில் உள்ளது தெரியும்படிதான் இருக்கும், பதறி மேலே மேலே பூசாதீர்கள். முழுதும் காய்ந்த பிறகு அடுத்த பூச்சு, முதலாவதற்குக் குறுக்காக. மூன்று நான்கு மெல்லிய பூச்சில் சமமாகிவிடும். தூரிகைக்கு வல்லேஹோ அக்ரிலிக்கோ ஹம்ப்ரால் எனாமலோ நன்றாகப் பரவும். டாமியா அக்ரிலிக் ஏர்பிரஷ்ஷுக்கு அருமையானது, ஆனால் தூரிகையில் இரண்டாவது பூச்சு முதல் பூச்சைக் கரைத்து இழுத்துக்கொண்டு வரும். ஏர்பிரஷ் ஏற்கெனவே இருந்தால் 0.3 மி.மீ. முனை, 15 முதல் 20 பி.எஸ்.ஐ. அழுத்தம், அதே பால் பதம்.

அடிப்பக்க வெளிர் நிறம் முதலில், பிறகு மேலே பழுப்பு, கடைசியில் பச்சை. இரண்டு நிறங்கள் சேரும் ஓரம் மங்கலாக இருக்க வேண்டுமா, கூர்மையாகவா என்று முடிவில்லாமல் சண்டை நடக்கும். பெருக்கிப் பார்ப்பதற்குப் பதில் இங்கே வகுத்துப் பாருங்கள். நிஜத்தில் ஓர் அங்குல அகலத்துக்கு மங்கலாக இருந்திருந்தாலும் 1/72-ல் அது 0.35 மி.மீ. தான். தூரிகையால் வரைந்த ஓரம் கண்ணுக்குச் சரியாகவே இருக்கும், ஏர்பிரஷ்ஷால் 2 மி.மீ. புகைபோல மங்கவிடுவதுதான் தவறு. சிறிய பொருளில் நிறங்கள் அடர்த்தியாகத் தெரியும் என்பதால் கரும்பச்சையில் துளி வெளிர் சாம்பல் கலந்துகொள்வது என் வழக்கம், வெள்ளை கலந்தால் நிறம் வெளுத்துப்போகிறது.

டெக்கல் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் அடையாளப் படம்) ஒட்டுவதற்கு முன் பளபளப்பு வார்னிஷ் கட்டாயம். மேட் பெயின்ட்டின் மேற்பரப்பு நுண்ணிய சொரசொரப்பு உடையது. டெக்கலை நேராக அதன் மேல் ஒட்டினால் அடியில் காற்று தங்கி வெள்ளி மாதிரி மினுங்கும், அதன் பிறகு சரிசெய்வது கடினம். டெக்கலைத் தண்ணீரில் அரை நிமிடம் வைத்து எடுத்து, தாளோடு வைத்துத் தானாக நழுவும்வரை காத்திருங்கள். டெக்கலைப் படியவைக்கும் திரவங்களில் மைக்ரோ செட் அடியில், மைக்ரோ சால் மேலே. மைக்ரோ சால் போட்டதும் டெக்கல் சுருங்கிச் சுருங்கி நெளியும், அப்போது தொடவே கூடாது, காயும்போது தானே படிந்துவிடும். காய்ந்ததும் இன்னொரு பளபளப்பு வார்னிஷ், கோடுகளில் அடர்பழுப்பு கலந்த சாம்பல் வாஷ் (நன்றாக நீர்த்த பெயின்ட்), துடைத்துவிட்டு மேட் வார்னிஷ்.

அழுக்கு, தேய்மானம் சேர்ப்பதில் கைகட்டி நில்லுங்கள். 1940 கோடையில் முன்வரிசையில் இருந்த பல ஸ்பிட்ஃபயர்கள் சில வாரங்களே தாக்குப்பிடித்தன, பெயின்ட் வெளுத்து உரிவதற்கு நேரமே இருந்ததில்லை. வெள்ளிப் பெயின்ட்டால் 1 மி.மீ. புள்ளி வைத்தால் நிஜத்தில் 7 செ.மீ. உரிந்த ஓட்டை. விமானி ஏறி இறங்கும் இடது இறக்கையின் அடிப்பகுதியில் கொஞ்சம் தேய்மானம், புகைக்குழாய்க்குப் பின்னால் பழுப்புக் கறை, இறக்கைக்குக் கீழே தோட்டா உறை விழும் துளைகளிலிருந்து பின்னோக்கி மெல்லிய கரி. இது போதும். இறக்கை முன்விளிம்பில் துப்பாக்கித் துளைகளை மூடி ஒட்டிய சிவப்புத் துணிப் பட்டைகளை விட்டுவிடாதீர்கள். எட்டு பிரவுனிங் துப்பாக்கிகளுக்கும் அவை உண்டு, சுட்டதும் கிழிந்துபோகும், கிழியாமல் இருந்தால் இன்னும் சுடவில்லை. சுடாத விமானத்துக்குக் கீழே கரி எப்படி வரும்? இரண்டில் ஒன்றை மட்டும் காட்டுங்கள். இறக்கையின் பின்பக்கம் கீழ்நோக்கித் திறக்கும் ஃபிளாப்களை இறக்கி வைத்தபடியும் காட்டாதீர்கள், தரையிறங்கியதும் விமானிகள் அவற்றை மேலே ஏற்றிவிடுவது வழக்கம்.

சக்கரம், புரொப்பெல்லர், ஏரியல் கம்பம் எல்லாம் கடைசியில். ஸ்பிட்ஃபயரின் கால்கள் ஒன்றுக்கொன்று நெருக்கமானவை, 1/72-ல் சக்கரங்களுக்கு இடையில் ஏறக்குறைய 24 மி.மீ. தான், முன்பக்கப் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒட்டுங்கள். கம்பத்திலிருந்து வாலுக்குப் போகும் கம்பிக்குத் தையல் நூல் வேண்டாம், கயிறு கட்டியது போல இருக்கும். மிச்சமான ஸ்ப்ரூ துண்டொன்றை மெழுகுவர்த்திச் சுடருக்கு மேலே சுழற்றிக்கொண்டே சூடாக்கி, தளர்ந்ததும் சுடரிலிருந்து எடுத்து இரண்டு பக்கமும் சீராக இழுங்கள். வேகமாக இழுத்தால் முடியை விட மெல்லியதாக வரும். ஒரு முனையைக் கம்பத்தில் ஒட்டிக் காயவிட்டு, பிறகு மறுமுனையை வாலில் ஒட்டுங்கள். தொய்வாக இருந்தால் ஊதிய ஊதுபத்தியின் கனலை அருகில் கொண்டுபோங்கள், தொடாமல், சுருங்கி விறைப்பாகிவிடும்.